வெயிலில் காயாத ஈரம்

பிள்ளைப்பாக்கத்தில் குட்டி யானை ஓட்டுகிற ஒரே பொம்பளை பாஞ்சாலிதான். ஒரகடம் ரோட்டில் டிரெய்லர்களுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே அந்தச் சின்ன லோடு வண்டியை அவள் நுழைத்து எடுக்கிற விதத்தைப் பார்த்து, ஆரம்பத்தில் சிரித்த ஸ்டாண்டுக்காரர்கள் போகப் போக வழிவிட ஆரம்பித்தார்கள். வழிவிட்டாலும் அவள் அவர்களை நம்பவில்லை. எவனாவது டீ வாங்கிக் கொடுத்தால், இவன் எதற்கு வாங்கிக் கொடுக்கிறான் என்று யோசித்துவிட்டுத்தான் குடிப்பாள்.

பிறவியிலேயே அப்படி இல்லை. தொழிற்பேட்டைக்கு நிலம் போன சமயத்தில் ஒரு புரோக்கர் அவள் மாமனாரைத் தேடித் தினமும் வந்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அப்பா" என்றே கூப்பிட்டான். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், விற்கவே நினைக்காத ஏரிக்கரைத் துண்டும் சேர்ந்து போயிருந்தது. எந்தக் கையெழுத்தில் போனது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. பெரியவர் அந்த நினைப்பிலேயே படுத்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து வெளியாள் யாராவது சிரித்துப் பேசினால் பாஞ்சாலி ஓரடி பின்வாங்கிவிடுவாள். சொந்தம் ஒன்றுதான் நிஜம், மற்றதெல்லாம் காரியத்துக்கு என்று மனசுக்குள் கோடு போட்டுவிட்டாள்.

கையில் வந்ததை வைத்து வீட்டுக்குப் பின்னால் வாடகை அறைகள் கட்டினார்கள். வண்டியும் வாங்கினார்கள். அவள் புருஷன் சின்னப்பையனுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே அவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால் லைசென்ஸ் எடுத்தது பாஞ்சாலி.

லோடு பிடித்துத் தருவது அவளுடைய தாய்மாமன் கோதண்டம். கம்பெனிகளுக்கு வண்டி அனுப்புகிற ஏஜென்ட் அவர். ஒரு பங்குனி மாதம் வீட்டுக்கு வந்து, வல்லம் வடகாலில் ஒரு பேக்கிங் கம்பெனியில் தினமும் லோடு இருக்கிறது, மூட்டைகளை ஏற்றி கன்டெய்னர் யார்டில் இறக்கினால் போதும் என்றார். என்ன சரக்கு என்று கேட்டாள். உரம் மாதிரி ஒன்று, கப்பலில் வெளிநாட்டுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்டாண்டுல எவன்கிட்டயும் இதப் பத்தி மூச்சு வுடாத. பொறாமைல கெடுத்துடுவானுங்க."

ஊரில் இத்தனை வண்டி இருக்க, மாமா தனக்காக ஒதுக்கி வைத்த லோடு என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் ஓட்டினாள்.

சித்திரை பிறந்து வெயில் ஏறியபோதுதான் அந்த ஈரத்தைக் கவனித்தாள். ரோட்டில் தார் இளகிக் கிடக்கிற வெயில். துணி காயப்போட்டால் திரும்பி வருவதற்குள் மொறமொறப்பாகிவிடும். ஆனால் வண்டியின் பின்தளம் மட்டும் நசநசவென்று எண்ணெய் தடவினாற்போல ஈரமாகவே இருந்தது. துடைத்தாள். மறுநாள் காலையில் மறுபடியும் ஈரம். ஓரங்களில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது.

மெக்கானிக் சுபாஷ் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். வண்டியைத் தாங்குகிற சேஸ் வரைக்கும் அரிப்பு போயிருக்கிறது என்றான்.

"யக்கா, இது சாதா துரு இல்ல. கடலாண்ட நிக்கிற வண்டிக்குத்தான் இப்பிடி ஆவும். இல்லாங்காட்டி யாராவது உப்புத் தண்ணி ஊத்தணும்."

அவன் வாய்போக்கில் சொன்னதுதான். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். பாஞ்சாலி காதில் "யாராவது" என்கிற சொல் மட்டும் தங்கிவிட்டது.

யார்? ஸ்டாண்டுக்காரர்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு எல்லைத் தகராறு தீர்ந்துவிட்டது. யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு, பின்கட்டில் கடைசி அறையில் குடியிருக்கிற காசிராஜன் மேல் கண் போய் நின்றது.

காசிராஜன் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கார் பாகங்களைத் தொட்டியில் முக்கி எடுத்து மேல்பூச்சு ஏற்றுகிற ஒரு கம்பெனியில் வேலை. மாசி மாதம் குடி வந்தான். பேச்சு குறைவு. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவான். அவன் சட்டையில் எப்போதும் ஒரு திராவக வாடை இருக்கும். இத்தனை நாளும் அதெல்லாம் அடக்கமான பையன் என்பதற்கு அடையாளமாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரிந்தது. அவன் வந்த பிறகுதானே வண்டி கெட ஆரம்பித்தது. தப்பு செய்யாதவன் ஏன் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்கிறான்?

கவனிக்க ஆரம்பித்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பின்கட்டு முழுக்கத் தெரியும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலையில் காசிராஜன் படியில் உட்கார்ந்து, பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். வெகுநேரம் கழித்து எழுந்தான். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நேராக வண்டிப் பக்கம் போனான். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பின்சக்கரத்தின் ஓரமாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பாஞ்சாலி ஓடிப்போய் அந்த ஈர மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

அன்று அவன் வேலைக்குப் போன பிறகு, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் அவன் அறையைத் திறந்தாள். பாய், ஸ்டவ், இரண்டு பாத்திரம், சுவரில் ஒரு அம்மன் படம். எல்லாம் துப்புரவாக இருந்தது. அந்தத் துப்புரவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பரண் மேலிருந்த பையை இறக்கி அவிழ்த்தாள். உள்ளே கல்லுப்பு. கடையில் கிடைக்கிற பொடிக்கல் இல்லை, புளியங்கொட்டை பருமனுக்குப் பெரிய பெரிய கல். தனி ஆள் பொங்கித் தின்ன இவ்வளவு உப்பு எதற்கு? எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். உள்ளே ஒரு திருப்தி இருந்தது. நாம் நினைத்தது சரிதான் என்கிற திருப்தி.

கோதண்டத்திடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, தெற்கத்திப் பையன்களை வீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும், ஆசிட் தொட்டியில் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டு என்றார். ஏன் செய்கிறான் என்று அவள் கேட்டதற்கு, பொம்பளை வண்டி ஓட்டிப் பிழைப்பது சில பேருக்குப் பொறுக்காது என்றார். காலி பண்ணச் சொல்லிவிடு, போலீஸ் கீலீஸ் என்று போகாதே, வீண் அலைச்சல் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அப்போது ஆடி மாதம். பாஞ்சாலி பின்கட்டுக்குப் போய், அறை எங்களுக்கு வேண்டும், இந்த வாரமே காலி பண்ணு என்றாள்.

காசிராஜன் கொஞ்சம் திகைத்துத்தான் போனான். "ஆடி முடியட்டும்க்கா. ஆடியில குடி மாறக் கூடாதும்பாங்க எங்கம்மா. ஆவணி பொறந்ததும் போயிருதேன்" என்றான்.

"எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான்."

"நான் என்னமும் தப்பு செஞ்சிருந்தா சொல்லுங்க."

"உன் மனசுக்குத் தெரியும் தம்பி."

அவன் வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு விடுதியில் கட்டிலுக்கு ஏற்பாடு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாமான்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றினான். கல்லுப்புப் பையையும் தோளில் போட்டுக்கொண்டு போனான். வண்டியைத் தாண்டி நடக்கும்போது அவன் அந்தப் பக்கம் திரும்புகிறானா என்று பாஞ்சாலி வாசலில் நின்று பார்த்தாள். திரும்பவில்லை. எவ்வளவு அழுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் லோடு ஏற்றி இறக்கி வந்து வண்டியை நிறுத்தினாள். அடுத்த நாள் காலையில் தளத்தைத் தொட்டாள். ஈரம்.

பழைய ஈரம் ஊறி வருகிறது என்று முதலில் சமாதானம் செய்துகொண்டாள். வண்டியை ஷெட்டுக்குள் விட்டுப் பூட்டு போட்டாள். அப்படியும் ஈரம். ஷெட் சாவி இரண்டு. ஒன்று அவளிடம், இன்னொன்று சின்னப்பையனிடம். அவள் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவன் தங்கச்சி ஒருமுறை ஏதோ சொன்னதும், அவன் அதற்குப் பதில் பேசாமல் இருந்ததும் ஞாபகம் வந்தது. கேன்டீனில் மூட்டை மூட்டையாக உப்பு இருக்கும். சோறு போடும்போது பட்டென்று கேட்டேவிட்டாள்.

"ஷெட்டுக்குள்ள நீ எதுக்குப் போற?"

சின்னப்பையன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நானாடி?" என்றான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க, கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பதைத் தவிர அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

உண்மை வெளிவந்தது ஒரு கிழிந்த மூட்டையால். ஆவணி மாதம், யார்டில் இறக்கும்போது ஒரு சாக்கு தையல் விட்டுவிட்டது. கிழிசல் மூட்டை வேண்டாம் என்று யார்டுக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தளத்தில் வெள்ளை வெள்ளையாக, அரிசிப் பொரி நசுங்கினாற்போலச் சில்லுகள் சிதறிக் கிடந்தன. வீட்டுக்கு வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, விளக்குமாறோடு போனபோது சில்லுகளைக் காணோம். அவை கிடந்த இடத்தில் தண்ணீர் நின்றது.

மழை இல்லை. யாரும் வரவில்லை. அவள் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தட்டில் பரப்பி, எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். சில்லுகள் முதலில் பளபளத்தன. பிறகு ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டின. காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் குடித்துத் தானே தண்ணீராகிக்கொண்டிருந்தது அந்தச் சரக்கு. கையில் ஒட்டியிருந்ததைக் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது உள்ளங்கை சுட்டது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். உப்பு, பின்னாடியே ஒரு கசப்பு. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

அடுத்த நாள் பேக்கிங் கம்பெனிக்குப் போனவள், வழக்கம்போல வண்டியிலேயே உட்கார்ந்திருக்காமல் ஸ்டோர் ரூமுக்குள் போனாள். அங்கே கணக்குப் பார்க்கிற பெண் சுகப்பிரியா. இது என்ன சரக்கு என்று பாஞ்சாலி கேட்டதும், தெரியாமலா இவ்வளவு நாள் ஓட்டினீர்கள் என்பதுபோலப் பார்த்தாள். பனி விழுகிற நாடுகளில் குளிர்காலத்தில் ரோடெல்லாம் உறைந்து கண்ணாடி மாதிரி வழுக்குமாம். வண்டி ஓட வேண்டுமென்றால் பனி உருக வேண்டும். அதற்காக லாரியில் வைத்து ரோடு நெடுக இறைக்கிற உப்பு இது என்றாள். போனில் ஒரு படம் காட்டினாள். வெள்ளை வெளேரென்ற ஊரில் ஒரு லாரி பின்னால் எதையோ இறைத்துக்கொண்டு போனது.

அப்படிப்பட்ட ஊரும் இருக்கிறதா என்று பாஞ்சாலிக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. பிறகு கேட்டாள். "அந்த ஊரு வண்டிங்க?"

"அங்கயும் அடியெல்லாம் துருப்பிடிச்சுதான்க்கா போகும். குளிர்காலம் பூரா கழுவிக்கிட்டே இருப்பாங்களாம். அதனாலதான் நாங்களும் சொன்னோம். தளத்துல தார்ப்பாய் விரிக்கணும், இறக்கினதும் வண்டியக் கழுவிடணும்னு உங்க ஏஜென்ட் சார்கிட்ட முதல் நாளே சொல்லிட்டோமே."

பாஞ்சாலி வெளியே வந்தாள். மாமா மறந்திருக்கலாம். வயசாகிறது, பத்து வேலை. அந்தப் பெண் தங்கள் மேல் பழி வராமலிருக்கப் பொய் சொல்லியிருக்கலாம். வீடு வருகிற வரைக்கும் மாமாவுக்காக அவளே வாதாடிக்கொண்டு வந்தாள். வாதாடினாலும், தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கோதண்டம் அப்போதுதான் புதுக் கார் எடுத்திருந்தார். சீட்டில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து காரை வாசலில் நிறுத்தினார். பாஞ்சாலி காபி கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், தைத்து வைத்திருந்த அந்தக் கிழிசல் மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, வண்டி பிரேக் சரியில்ல. இந்த ஒரு மூட்டைய மட்டும் உன் கார் டிக்கில வச்சிகினு போய் யார்டுல குடுத்துடு."

கோதண்டம் டம்ளரைக் கீழே வைத்தார். நாளைக்கு வேறு வண்டி அனுப்புகிறேன் என்றார். ஒரு மூட்டைதானே, எதற்கு வேறு வண்டி என்றாள் அவள். கீழே துணி விரித்துத் தருகிறேன் என்றாள். அவர் போனை எடுத்து எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். அவள் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். அவர் வேகமாக எழுந்து வந்து டிக்கிக்கு முன்னால் நின்றார்.

"அத இங்க வைக்காத பாஞ்சாலி. அரிச்சிடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அப்படியே நின்றார். பாஞ்சாலி மூட்டையைக் கீழே இறக்கினாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார். ஸ்டாண்டில் எல்லாரையும் கேட்டாராம். ஒருத்தனும் இந்தச் சரக்கை எடுக்க மாட்டேன் என்றுவிட்டானாம். கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, என்ன செய்வது என்றார். கழுவிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தாராம்.

"கழுவச் சொன்னியா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

"அது போவட்டும் மாமா. அந்தப் பையன் உப்புத் தண்ணி ஊத்துறான்னு நான் வந்து சொன்னனே. அப்பவும் ஆமான்னியே."

"நீயாத்தான சொன்ன. நான் இன்னா பண்ணட்டும்" என்றார் கோதண்டம்.

அவள் அவரைத் திட்டவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்று, வெளியாட்களுக்கு என்று தான் வைத்திருந்த சந்தேகத்தையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். அதில் ஒரு துளியைக்கூட இந்த மனுஷன் பக்கம் திருப்பத் தோன்றவில்லையே என்று அழுகை வந்தது. அன்று சாயங்காலம் சின்னப்பையன் வந்ததும் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

காசிராஜன் விஷயம் அப்படித் தீரவில்லை. அவனை விடுதியில் போய்ப் பார்த்தாள். ஒரே அறையில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். அவன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றான். அவள் உப்பு, மூட்டை, மாமா என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன், அறை காலியாகத்தான் இருக்கிறது, திரும்பி வந்துவிடு என்றாள்.

அவன் கோபப்படவில்லை. ஷிப்ட் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பதால் பாதம் வெந்துவிடும், அதற்கு உப்பு வெந்நீர்தான் மருந்து என்று வீட்டிலிருந்து கல்லுப்பு கொடுத்துவிடுவார்கள் என்றான். தண்ணீரைக் கொட்டும் முன்னால் சுற்றிப் பார்த்தது, வாசலில் கொட்டினால் நீங்கள் ஏதாவது சொல்வீர்களோ என்ற பயத்தில்தான் என்றான்.

"ஒண்ணு சொல்லட்டாக்கா? நீங்க என் ரூமத் தெறந்து பாத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். உப்புப் பை கட்டுன முடிச்சு வேற மாதிரி கெடந்துச்சு. ரூவா கீவா எதும் போயிருக்கான்னு பாத்தேன். போவல. அப்போ எதுக்கு வந்தாங்கன்னு தெரியாம ரெண்டு வாரம் ஒறக்கமே இல்ல. கதவுல கயிறு கட்டிட்டுத்தான் படுப்பேன்."

தன்னைப் பார்த்தும் ஒருத்தன் பயந்திருப்பான் என்று பாஞ்சாலி ஒருநாளும் எண்ணியதில்லை.

"இங்க இருந்துக்கிடுதேன்க்கா. கட்டிலு சின்னதுதான். ஆனா யாரு உள்ள வந்தாலும் எல்லாருக்கும் தெரியும்" என்றான் அவன். ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

வண்டியின் பின்தளத்தைச் சுபாஷ் முழுசாக வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட்டான். சேஸுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறது, பாரம் அதிகம் ஏற்றாதே என்றான். இப்போது பாஞ்சாலி கேன்டீன்களுக்குக் காய்கறி ஓட்டுகிறாள். கோதண்டத்தைக் கல்யாணம் காட்சியில் பார்த்தால் "வா மாமா" என்பாள். அவர் பிடித்துக் கொடுக்கிற லோடு எதையும் தொடுவதில்லை.

அந்த உப்பு லோடு நிற்கவில்லை. தெற்கிலிருந்து புதிதாக வந்து, தவணையில் வண்டி எடுத்திருந்த மகாராஜா என்பவனுக்குக் கோதண்டம் அதைக் கொடுத்துவிட்டார். ஒருநாள் வல்லம் வடகால் சிக்னலில் அவன் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் அதே மூட்டைகள், அடியில் தார்ப்பாய்கூட இல்லை. பாஞ்சாலி கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள். அது என்ன சரக்கு, வண்டியை என்ன செய்யும் என்று சுருக்கமாகச் சொன்னாள். தினமும் கழுவு, முடிந்தால் விட்டுவிடு என்றாள்.

மகாராஜா அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்த லோடு முன்ன நீங்க ஓட்டுனதுதானக்கா?"

"ஆமா. அதான் சொல்றேன்."

"ஏஜென்ட் அப்பவே சொன்னாரு. ஒரு அம்மா வந்து இப்பிடித்தான் பேசும், காதுல வாங்காதன்னாரு."

சிக்னல் விழுந்தது. அவன் கிளம்பிப் போனான். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடிக்கும்வரை பாஞ்சாலி கியரைப் போடாமல், அவன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டைகளுக்கு அடியிலிருந்து ஈரம் ரோட்டில் சொட்டிக்கொண்டே போயிற்று.